சாவு வரிக்குத் தப்பிய ஐயாதுரை

தன் பேரில் ஒரு செங்கல்கூட இல்லாமல்தான் சாக வேண்டும் என்று ஐயாதுரை தீர்மானம் செய்தது எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில்.

சாகப் போகிறார் என்று யாரும் பதற வேண்டாம். ஆளுக்கு ஐம்பத்தெட்டு வயசு. காலையில் ஏழு இட்லி உள்ளே போகும். ராஜபாளையத்தில் மாடி வீடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மதுரை ரோட்டு மேல் பஞ்சு மூட்டைகளை அடுக்கி வைத்து வியாபாரம் பார்க்க அப்பா கட்டிவிட்டுப் போன பெரிய கிட்டங்கி, பம்பாயில் உத்தியோகம் பார்க்கும் ஒரே மகன், வீட்டில் மனைவி சீனியம்மாள். குறை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதனால்தான் கவலைப்பட நேரம் நிறைய இருந்தது.

கவலையை ஆரம்பித்து வைத்தவர் பஞ்சு வியாபாரி சமுத்திரம். வேறொன்றும் செய்யவில்லை, செத்துப்போனார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கொஞ்ச நாளில் அவர் மகன் பேச்சிமுத்து முகம் செத்து வந்து நின்றான். "மாமா, மதுரையில வரி ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்காக. அப்பா விட்டுட்டுப் போன சொத்துக்கு வரி கட்டணுமாம். அப்பாவோட சிநேகிதர்னு நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லணும்."

ஐயாதுரை போனார். போயிருக்கக் கூடாது.

அந்தக் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தபோதே அவர் தோளில் கிடந்த துண்டு கீழே விழுந்தது. அவ்வளவு உயரம். உள்ளே போனால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கதவுகள். முதல் கதவில் "இங்க இல்ல, அடுத்த ரூம்" என்றார்கள். அடுத்த ரூமில் "மேல் மாடி" என்றார்கள். மேல் மாடியில் "சாப்பாட்டு நேரம்" என்றார்கள். வராந்தாவில் நின்றுகொண்டு ஐயாதுரை மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டார். இம்மாம் பெரிய கட்டடம் கட்ட வேண்டுமானால் எத்தனை பேர் செத்திருக்க வேண்டும்?

ஆபீசர் சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். அதுவே பயமாக இருந்தது. சமுத்திரத்தின் போட்டோ ஒன்றை மேஜையில் வைத்து, "கழுத்துல கெடக்கிற செயின் எங்கே?" என்று கேட்டார்.

"அது கவரிங் சார்" என்றான் பேச்சிமுத்து.

"கவரிங்தான்னு யாராவது சொல்ல முடியுமா?"

எல்லாரும் ஐயாதுரையைப் பார்த்தார்கள். அது அசல் தங்கம். வாங்கும்போது நகைக்கடைக்குக் கூடப் போனவரே அவர்தான். "சமுத்திரம்... வந்து... தங்கமானவர் சார்" என்றார்.

ஆபீசர் குறித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேச்சிமுத்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய நெற்றியில் ஏற்கெனவே மூன்று வரி உண்டு. அன்றைக்கு நாலாவது வரி விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவி முன்னால் உட்கார்ந்தார். சீனியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"சீனி, நான் செத்துப்போனா என்ன ஆகும், தெரியுமா?"

"சொந்தக்காரவுக பத்து நாள் இங்க கெடப்பாக. அரிசி கூட வாங்கி வைக்கணும்."

"அதைக் கேக்கல. கவர்மெண்டு வருவான்."

"எழவுக்கா?"

"சொத்துல பங்கு கேட்டு."

"அவன் என்ன பங்காளியா?"

"பங்காளியாவது சண்டை போட்டு வாங்குவான். இவன் சட்டம் போட்டு வாங்குதான். எஸ்டேட் டூட்டின்னு பேரு."

"செத்த பொறவுமா டூட்டி பாக்கச் சொல்லுதாக?"

"வெளையாடாத. எங்க அப்பா வேர்வை சிந்திச் சேத்த சொத்து."

"மாமா சிந்துனாக. நீங்க துடைச்சுக்கிட்டீக. சும்மா வந்ததுல கொஞ்சம் எடுத்து ரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போட்டா என்ன குறைஞ்சிரும்? எங்க அப்பா செத்தப்போ எனக்கு ஒரு பித்தளை அண்டா வந்துச்சு. அதுக்கு எந்த ஆபீசரும் வரலையே. இருக்கவுகளுக்குத்தான இந்த வரி."

இதே வழக்கு டீக்கடையிலும் நடந்துகொண்டுதான் இருந்தது. மில்லும் கடையும் வைத்திருந்தவர்கள் அநியாயம் என்றார்கள். ஒன்றும் இல்லாதவர்கள் நியாயம் என்றார்கள். ஐயாதுரை இருக்கிற கட்சி. ஆனால் சொந்த வீட்டுக்குள்ளேயே இல்லாத கட்சி ஒன்று உட்கார்ந்து கீரை உருவும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் ராஜரத்தினத்திடம் போனார். கையெழுத்துக்கு வேண்டியிருக்கும் என்று சீனியம்மாளையும் கூட்டிக்கொண்டார்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "வழி இருக்கு. உயிரோட இருக்கும்போதே சொத்தைத் தானமா எழுதி வச்சிடணும். உங்க பேர்ல சொத்தே இல்லன்னா, நீங்க போன பிறகு யார்கிட்ட என்ன கேப்பாங்க? தான வரின்னு கொஞ்சம் உண்டு. அது இதைவிடக் குறைச்சல்."

"அம்புட்டுத்தானா?"

"இன்னும் ரெண்டு விஷயம். எழுதிக் குடுத்து ரெண்டு வருஷம் நீங்க உயிரோட இருக்கணும். அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா எழுதினது செல்லாது, வரி உண்டு. அடுத்தது, குடுத்த சொத்தை நீங்க அனுபவிக்கக் கூடாது. சாவியைக் குடுத்துட்டு, நீங்களே போய்ப் பூட்டைத் திறக்கிற கதை ஆகாது."

யாருக்கு எழுதுவது என்பதில் ஐயாதுரைக்கு யோசனையே இல்லை. மகனுக்கு எழுதினால் மருமகள் கைக்குப் போய்விடும். சீனியம்மாள் பேரில் இருந்தால் பீரோவில் இருக்கிற மாதிரி. பீரோ எங்கே போய்விடும்?

அவர் வெற்றிலை வாங்க வெளியே போய்விட்டு வந்தபோது சீனியம்மாள் வக்கீலிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். பொம்பளைக்கு என்ன சட்டச் சந்தேகம் வந்துவிடப்போகிறது என்று அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பங்குனி கடைசியில் பத்திரம் பதிவானது. சப்-ரெஜிஸ்திரார், "மனப்பூர்வமா எழுதிக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். ஐயாதுரை சிரித்துக்கொண்டே தலையாட்டினார். சீனியம்மாள் மட்டும் அவர் பக்கம் திரும்பி, "நல்லா யோசிச்சுக்கிடுங்க. பொறவு வந்து நிக்கக் கூடாது" என்றாள். அதுக்கும் சிரித்தார்.

ராஜபாளையத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் காலை நீட்டி உட்கார்ந்தார். "இன்னைக்குத்தான்டி நிம்மதி."

"ரெண்டு வருஷம் கெடக்குல்லா" என்றாள் சீனியம்மாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே.

அந்த நேரம் பார்த்து டிரைவர் ஒரு கரும்பு லாரியை முந்தினான். எதிரே இன்னொரு லாரி. ஐயாதுரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தார். அந்தப் பிடியை அவர் ரெண்டு வருஷம் விடவில்லை.

அதுவரைக்கும் சாவைப் பற்றி அவருக்குப் பயமே இருந்ததில்லை, வரியைப் பற்றித்தான். இப்போது வரிக்காகச் சாவுக்குப் பயப்பட வேண்டியதாயிற்று. ஸ்கூட்டரை உறை போட்டு மூடினார். செண்பகத்தோப்புக்குப் போய் ஓடையில் குளிக்கிறதை நிறுத்தினார். பாறை வழுக்கும். மாடியிலிருந்த படுக்கை கீழே வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு யார் போனாலும் பால்கோவா வாங்கிவரச் சொல்லுகிறவர், யாராவது வாங்கிவந்தால் பாம்பைக் கண்ட மாதிரி விலகினார். ஏழு இட்லி மூன்றாகி, மூன்று கஞ்சியாயிற்று.

டாக்டரிடம் போனார். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே, நல்லாத்தான் இருக்கீங்க" என்றார்.

"ரெண்டு வருஷம் தாங்குமா டாக்டர்?"

"ரெண்டு வருஷமா? பிறகு என்ன செய்யப் போறீங்க?"

"பொறவு எப்ப வேணும்னாலும் சாகலாம். பிரச்சினை இல்ல."

டாக்டர் மறுபடியும் அவரை உட்காரவைத்து, இந்தத் தடவை கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பத்திரம் பதிவான மறுநாள் காலையிலேயே சீனியம்மாள் கையை நீட்டினாள்.

"என்னது?"

"கிட்டங்கிச் சாவி."

"சாவி எதுக்கு ஒனக்கு? நான் வழக்கம்போலப் போய் வியாபாரத்தைப் பாத்துட்டு வாரேன்."

"போகக் கூடாது. வக்கீல் சொன்னது மறந்துபோச்சா? அனுபவிக்கக் கூடாது."

"வியாபாரம் பாக்கிறதா அனுபவிக்கிறது? அது நாய் பட்ட பாடு."

"அது எனக்குத் தெரியும். ஆபீசருக்குத் தெரியுமா?"

ஆபீசர் என்ற சொல்லைக் கேட்டதும் ஐயாதுரையின் கை தானாக மடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தது. தானம் என்றால் தானாக நடப்பது என்று அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சீனியம்மாள் ஒன்பது மணி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். சாயங்காலம் வந்தாள். மறுநாளும் போனாள். முதல் மாசம் முடிந்ததும் இன்னொன்று சொன்னாள்.

"ஏங்க, இந்த வீடும் எம் பேர்லதான இருக்கு?"

"ஆமா."

"அதுல நீங்க குடியிருக்கீகளே."

"பின்ன எங்கட்டி குடியிருப்பேன்?"

"சும்மா இருந்தா அனுபவிக்கிறதா ஆகிரும்லா? வாடகை குடுத்துருங்க. வாடகைக்கு இருக்கவுகளை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

தன் தகப்பனார் வாங்கிய வீட்டில், தான் தாலி கட்டிய பெண்ணுக்கு, ஐயாதுரை வாடகை கொடுத்தார். பேங்கில் போட்டிருந்த பழைய சேமிப்பு மட்டும்தான் அவர் பேரில் மிச்சம். அதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட சீனியம்மாள், மழைக்கு முன்னால் கூரை பார்க்க வேண்டும் என்று அவர் நினைவுபடுத்தியபோது, "வீட்டுக்காரிட்ட சொல்லியாச்சுல்லா, பாப்போம்" என்றாள்.

வீட்டில் சும்மா இருந்து பார்த்தார். முடியவில்லை. ஒரு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, கிட்டங்கிக்கு எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் அனுபவிப்பது ஆகாது என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

அங்கிருந்து பார்த்தால் வயிறு எரிந்தது. பஞ்சு தரம்பிரிக்கிற பெண்களுக்கு மேலே மின்விசிறி சுற்றியது. கொல்லையில் அவர்களுக்கென்று கக்கூஸ் கட்டுகிறார்கள். இருபது வருஷமாக ஒழுகிய தகரத்தை மாற்றுகிறார்கள். எம்புட்டுச் செலவு, யாரைக் கேட்டு என்று தவித்தார். கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை வீரணன் டீ குடிக்க வந்தான். ஐயாதுரையைப் பார்த்ததும் கிளாஸோடு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டான்.

"ஏலே வீரணா, என்னலே, நான் என்ன அம்மைநோயா?"

"மன்னிச்சுக்கிடுங்க மொதலாளி. உங்ககிட்ட வியாபாரம் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காக. பேசினா நீங்க அனுபவிச்சதா ஆகிருமாம். உங்க நல்லதுக்குத்தான்."

"வியாபாரமாவது எப்படிப் போகுது?"

வீரணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "நல்லாப் போகுது" என்றான். ஐயாதுரைக்கு அதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது.

இப்படி ஒரு பொங்கல் போய், இன்னொரு பொங்கலும் போயிற்று. எண்பத்தைந்து மார்ச் பிறந்தது. ரெண்டு வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். ஐயாதுரை வாசப்படியைத் தாண்டுவதையே விட்டுவிட்டார். தேங்காய் விழும் என்று முற்றத்துக்கும் போகவில்லை. கரைக்கு வந்த படகு கவிழக் கூடாது என்று நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்தபடி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலச் செய்தியில் பட்ஜெட்டைச் சொன்னார்கள். ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்து, எஸ்டேட் வரி ரத்து என்றார்கள். இனிமேல் சாகிறவர்களின் சொத்துக்கு அந்த வரி கிடையாது.

ஐயாதுரைக்கு முதலில் சந்தோஷம் வந்தது. பின்னாலேயே அழுகை வந்தது. கஞ்சி குடித்த காலமெல்லாம் கண் முன்னால் வந்தது. கடைசியில் ஒரு வேகம் வந்தது. ரெண்டு வருஷமாக மிதிக்காத மாடிப்படியை ரெண்டு ரெண்டாகத் தாவி ஏறினார். சீனியம்மாள் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சீனி, வரிய எடுத்துட்டான். நாளைக்கே போவோம். அம்புட்டையும் எம் பேருக்குத் திருப்பி எழுதிரு."

"மூச்சு வாங்குது பாருங்க. செத்த நேரம் உக்காருங்க. மோர் கொண்டாரேன்" என்று அவள் கீழே இறங்கிப் போனாள். மோர் வந்தது. பதில் வரவில்லை.

திங்கட்கிழமை அவர் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். இனி எந்த ஆபீசருக்கும் பயமில்லை என்று டீக்கடைப் பக்கம் போகாமல், நேராக ரோட்டைத் தாண்டிக் கிட்டங்கி வாசலுக்கே போனார். அங்கே ஏணி சாத்தியிருந்தது. முன்கட்டுக்கு மேலே இரண்டு பேர் ஒரு பெரிய பலகையைத் தூக்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். கோபுரச் சின்னம், தமிழ்நாடு அரசு, அதற்குக் கீழே ஏதோ ஒரு அலுவலகத்தின் பேர். ஐயாதுரை அண்ணாந்து பார்த்தபடி ஏணிக்கு அடியிலேயே நின்றுவிட்டார். வரியை எடுத்துவிட்டுக் கிட்டங்கியையே எடுத்துக்கொண்டார்களா?

கீழே நின்று வேலை பார்த்த அதிகாரி அவரைப் பார்த்து, "பெரியவரே, ஏணி விழுந்துரும், தள்ளி நில்லுங்க" என்றார்.

"சார், இது பஞ்சுக் கிட்டங்கி."

"பஞ்சு பின்கட்டில இருக்கு. புது மாவட்டம் பிரிச்சாச்சுல்ல, எங்களுக்குக் கட்டடம் பத்தல. முன்கட்டை வாடகைக்கு எடுத்திருக்கோம். ஒன்பது வருஷத்துக்கு. ஓனரம்மா அவ்வளவு லேசில வாடகையைக் குறைக்க மாட்டேன்னுட்டாங்க. நீங்க யாரு?"

ஐயாதுரை யோசித்தார். பொய்யும் வரவில்லை, மெய்யும் வரவில்லை. "அவுக வீட்டுல குடியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வக்கீல் வீட்டைப் பார்த்து நடந்தார்.

ராஜரத்தினம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தானமாக் குடுத்ததைத் திருப்பிக் கேக்க சட்டத்துல இடம் இல்ல. அவங்களா மனசு வச்சு எழுதிக் குடுக்கணும். குடுத்தாலும் திரும்ப முத்திரை, திரும்பத் தான வரி. அதிருக்கட்டும், அந்தக் கவர்மெண்டு வாடகைக்கு வருமான வரி உங்க கணக்குல சேரும். மனைவிக்குக் குடுத்த சொத்துல வர்ற வருமானம் புருஷன் வருமானம்தான்னு சட்டம்."

"வாடகை அவளுக்கு, வரி எனக்கா?"

"ஆமா."

"நல்லாருக்கு சார். வீட்டுக்கும் நான் வாடகை குடுக்கேன், அதுக்கும் நானே வரி கட்டணுமா?"

வக்கீல் நிமிர்ந்தார். "வீட்டுக்கு வாடகை குடுக்கிறீங்களா? எதுக்கு? மனைவி பேர்ல இருக்கிற வீட்டுல புருஷன் குடியிருந்தா அது ஒண்ணும் ஆகாதே. நீங்க வெத்தலை வாங்கப் போனப்போ அம்மா அதைத்தானே கேட்டாங்க. தாராளமா இருக்கலாம்னு சொன்னேனே."

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வாடகை வேண்டாம்னு வக்கீல் அன்னைக்கே சொல்லியிருக்காரு."

"ஆமா, சொன்னாரு" என்றாள் சீனியம்மாள்.

"பொறவு ஏன் வாங்குன?"

"அந்தப் பணத்துலதான் கக்கூஸ் கட்டுனேன். மொதமொதல்ல கிட்டங்கிக்குப் போன அன்னைக்கு, அவசரத்துக்கு ஒதுங்க எடம் கேட்டேன். வெள்ளத்தாய்னு ஒருத்தி, பஞ்சு பிரிக்கிறவ, 'இங்க நாங்க சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டுத்தான்ம்மா இருப்போம்'னா. உங்ககிட்டச் சொல்லிக் கேட்டிருந்தா கட்டியிருப்பீகளா?"

ஐயாதுரை குனிந்து செருப்பைக் கழற்றினார். கட்டியிருக்க மாட்டார்.

சீனியம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் தணிந்திருந்தது. "நீங்க வரியை நெனச்சுப் பயந்தீக. நான் சாவையே நெனச்சுப் பயந்துக்கிட்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷம், கிட்டங்கி வாசல்ல நின்னு 'அவுக இருக்காகளா'ன்னு கேட்டுட்டுத் திரும்பியிருக்கேன். உள்ள வான்னு ஒரு நாள் கூப்பிட்டீகளா? திடீர்னு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னுகூட எனக்குத் தெரியாது. மகன் வாசல்லயும் மருமக வாசல்லயும் போய் நிக்கணும். இப்ப எனக்கு அந்தப் பயம் இல்ல."

இப்படி ஒரு பயம் அந்த வீட்டுக்குள் இத்தனை காலம் தன்னோடு குடியிருந்தது அவருக்குத் தெரியாது. ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சீனி. பாதியாவது திருப்பி எழுதலாம்லா?"

"முத்திரைச் செலவு ஆகும்னு வக்கீல் சொல்லலையா?"

"சொன்னாரு."

"தான வரியும்?"

"அதையும் சொன்னாரு."

"தெண்டம்தான? ரெண்டு வருஷம் முடியுதே, நீங்க கேப்பீகன்னு நானும் அவர்ட்டக் கேட்டேன். செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு. போன வாரமே போய் முடிச்சுட்டு வந்துட்டேன்."

ஐயாதுரையின் முகம் ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக மலர்ந்தது. "என்ன வழி?"

"உயில். எனக்குப் பொறவு அம்புட்டும் உங்களுக்குத்தான்னு எழுதி வச்சுட்டேன்."

ஐயாதுரைக்கு அப்போது அறுபது வயசு, சீனியம்மாளுக்கு நாற்பத்தாறு. அவளைப் பெற்ற அம்மா அந்தத் தைப்பூசத்துக்குத்தான் திருச்செந்தூர் வரைக்கும் நடந்தே போய், நடந்தே திரும்பியிருந்தாள்.

"சாவு வரியும் இப்ப கிடையாது, ஒரு பைசா கட்ட வேண்டாம்" என்று எழுந்து அடுப்படிப் பக்கம் போனவள், கதவருகில் நின்று அக்கறையோடு திரும்பிப் பார்த்தாள். "அதுவரைக்கும் நீங்கதான் உடம்பைப் பாத்துக்கிடணும்."